நாளைக்கி பாப்பாவுக்கு இன்னா டீச்சர்?

வில்லியனூருக்கு மேற்கே, கரும்பு வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். வகுப்பாசிரியை என்றால் வேலை பாடத்தோடு முடிவதில்லை. நாளைக்கு வெள்ளைச் சீருடையா கலர் சீருடையா, சனிக்கிழமை பள்ளி உண்டா, மாணவர் பஸ் வருமா வராதா, ஊசி போட யாராவது வருகிறார்களா என்று எல்லாவற்றையும் வீடுகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால் செய்தி வீடு போய்ச் சேராது. சேர்ந்தாலும் வேறாகச் சேரும். ‘நாளைக்குப் பாதி நாள்’ என்று சொல்லி அனுப்பினால் ‘நாளைக்கு லீவு’ என்று போய் நிற்கும்.

அதனால் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தேன். நான் போடும் அறிவிப்புக்குக் கீழே யாராவது ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வார்கள். அதற்குப் பத்து பேர் கும்பிடு போடுவார்கள். என் அறிவிப்பு மேலே எங்கேயோ போய்விடும். இருந்தாலும் குழு சமாளிக்கக்கூடியதுதான். பட்டன் போன் வைத்திருக்கும் சில வீடுகள்தான் கஷ்டம். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு புதுச்சேரி பஸ்ஸுக்காக நிழற்குடையில் காத்திருக்கும் நேரத்தில் அந்த வேலையை வைத்துக்கொண்டேன்.

அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒரு பெண்ணின் அம்மாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அந்தப் பெண் ஜன்னலோரம் உட்காருகிற, ஒல்லியான, அதிகம் பேசாத பிள்ளை. வில்லியனூர்ப் பக்கத்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா டவுனில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்தார். அம்மா அரியூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போனார். எட்டாம் வகுப்புப் பதிவேட்டிலிருந்து போன் எண்ணை எடுத்துக்கொண்டேன். முதல் தடவை கூப்பிட்டபோது, பெண்ணின் பெயரைச் சொல்லி, “உங்க பொண்ணோட கிளாஸ் டீச்சர் பேசறேன்மா” என்றேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. துண்டித்துவிட்டார்களோ என்று நினைத்தபோது, “சொல்லுங்க டீச்சர்” என்று ஒரு குரல் வந்தது.

மெலிந்த குரல். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறவர்களின் குரல் அப்படி இருக்கும். அதற்குப் பின்னால் ஓர் இரைச்சல், எழுந்து எழுந்து அடங்கியது. பழைய மின்விசிறி என்று நினைத்துக்கொண்டேன். சேதியைச் சொன்னேன். “சரிங்க டீச்சர்” என்றார். அவ்வளவுதான்.

மற்ற வீடுகளில் சேதியைச் சொல்லி முடிக்கும் முன்பே போனை வைத்துவிடுவார்கள். வேலை முடித்து வந்து அடுப்பு பற்றவைக்கிற நேரம் அது. இவர் மட்டும் வைக்கமாட்டார். ஒரு வாரம் போன பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். காலையில் பள்ளியில் கொடுக்கும் ரொட்டியையும் பாலையும் பற்றித்தான் முதல் கேள்வி.

“காலையில ரொட்டிப்பால் குடிச்சிச்சா டீச்சர்?”

“குடிச்சிதும்மா.”

“ஆறிப் போனா புடிக்காது அதுக்கு.”

இன்னொரு நாள், “மத்தியானம் இன்னா கொழம்பு?” என்பார். முட்டை போடுகிற நாளா, எந்தப் பக்கம் உட்காருகிறது, ஜன்னல் என்றால் வெயில் முகத்தில் அடிக்காதா, முதல் மணி அடித்ததும் என்ன செய்வார்கள், வரிசையில் யாருக்குப் பின்னால் நிற்கிறது, பஸ் ஏறும்போது நெரிசலா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது அதே கேள்வி: “நாளைக்கி பாப்பாவுக்கு இன்னா டீச்சர்?”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆசிரியர் அறையில் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன். பிள்ளை பள்ளியில் என்ன செய்கிறது என்று கேட்கிற பெற்றோர் எங்கள் பக்கம் அபூர்வம். வேலைக்குப் போகிற அம்மா இவ்வளவு விசாரிக்கிறாரே என்று மற்றவர்களும் ஆச்சரியப்பட்டார்கள். பஸ் வரும் வரை அவருக்காகவே விரிவாகச் சொல்லப் பழகிக்கொண்டேன். ஒரு தடவை ஆய்வகத்தில் அந்தப் பெண்ணின் சுடிதார் மேல் மயில்துத்தக் கரைசல் தெறித்துவிட்டது. அதையும் சொன்னேன்.

“தோல்ல படலம்மா. பயப்படாதீங்க. சுடிதார் கையில மட்டும் நீலமா கறை நிக்கும்.”

“எந்தக் கையி டீச்சர்?”

“வலது கை ஓரம்.”

“எவ்ளோ பெருசு?”

“ஒரு ரூபா காசு அளவு இருக்கும்.”

“சரிங்க டீச்சர். தொவச்சி பாக்கறேன்.”

சாயங்காலம் பெண் வீட்டுக்கு வந்ததும் சட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, எதற்கு அளவு கேட்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. வராத பிள்ளைகளின் வீட்டை முதல் பாடவேளை முடிந்ததும் விசாரிக்க வேண்டும் என்பது தலைமையாசிரியர் உத்தரவு. கூப்பிட்டேன்.

“இன்னிக்கு ஏம்மா வரல?”

இரைச்சல் மட்டும் எழுந்து அடங்கியது. பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, “ஜுரம் டீச்சர்” என்றார். “ராவெல்லாம் நெருப்பா கொதிச்சிது. இப்பதான் கண்ணு மூடுச்சி. பக்கத்துலதான் படுத்துனு கீது.”

அப்போது போனில் ஓர் இருமல் கேட்டது. வறண்ட, சின்ன இருமல். “தோ, பேச்சு சத்தம் கேட்டு முழிச்சிக்கிச்சி. வெச்சிட்றேன் டீச்சர்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். தலையில் புது ரிப்பன், கையில் மருதாணி. ஜுரம் வந்து எழுந்த முகமாக இல்லை.

“ஜுரம் விட்டுடுச்சா?” என்று கேட்டேன்.

“ஜுரமா? எனக்கா மிஸ்?” என்றாள். “விழுப்புரத்துல சித்தி பையனுக்குப் புதுநன்மை மிஸ், கோயில்ல மொத மொத நற்கருணை வாங்கறது. ஞாயித்துக்கெழம போனோம். நேத்து அங்கயே தங்கிட்டோம்.”

“உங்கம்மா ஜுரம்னு சொன்னாங்களே?”

“அம்மாவும் எங்க கூடத்தான் மிஸ் வந்தாங்க.”

லீவு எடுத்ததை மறைக்க அம்மா பொய் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இருமல் மட்டும் காதில் நின்றது. விசேஷ வீட்டுக் கூட்டத்தில் யாராவது இருமியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் போனில் கூட்டச் சத்தமே இல்லை.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். மத்தியானத்துக்கு மேல், ஆஸ்பத்திரிச் சீருடைப் புடவையோடு ஓர் அம்மாள் வேகவேகமாக வந்து என் மேசை முன் நின்றார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, “அதோட அம்மா டீச்சர்” என்றார். கட்டையான, கணீரென்ற குரல்.

எழுந்து நின்றுவிட்டேன். போனில் தினமும் கேட்ட குரல் அது இல்லை.

“உக்காருங்கம்மா. நீங்கதான... போன்ல என்கிட்ட...”

“எந்த போன்லீங்க? என் போன் தண்ணித் தொட்டியில வுழுந்து போயி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. அந்த நம்பரும் போச்சி. புது நம்பர் பாப்பாகிட்ட குடுத்துவுட்டேனே, எழுதிக்கலியா நீங்க? எனக்கு இஸ்கோல்லேந்து ஒரு போனும் வரல டீச்சர். இது வந்து சொல்றதுதான், லீவுன்னா லீவு, பரிச்சைன்னா பரிச்சை. நான் இன்னாத்த கண்டேன்?”

பெண் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். எண்ணைக் கொடுக்க மறந்துவிட்டது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அவர் முன்னாலேயே அந்தப் பழைய எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

“சொல்லுங்க டீச்சர். இன்னிக்கி இன்னா இந்த நேரத்துல? பாப்பா அங்கதான கீது?”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து போனைப் பார்த்தார்.

“யாரு பேசறது?” என்று கேட்டார்.

இரைச்சல் ஒரு முறை எழுந்து அடங்கியது.

“பாப்பாவோட அம்மா” என்றது அந்த மெலிந்த குரல்.

“அப்ப நான் யாரு?” என்றார் இவர்.

போன் துண்டிக்கப்பட்டது.

ஓர் எண்ணை வைத்திருந்தவர்கள் விட்டுவிட்டால் கம்பெனி அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். இவர் விட்ட எண் வேறு ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது. அவ்வளவு வரை விளங்கிக்கொள்ள முடிந்தது. அந்த வீட்டில் இருந்தவர் முதல் நாளே ‘தப்பு நம்பர்’ என்று சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்பதுதான் விளங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு, ஒரு பெண்பிள்ளை எங்கே உட்காருகிறாள், எந்த பஸ்ஸில் ஏறுகிறாள், எப்போது தனியாக நடக்கிறாள் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தலைமையாசிரியர் எல்லாவற்றையும் கேட்டார். “அந்த நம்பர எடுத்துடுங்க. இனிமே பேசாதீங்க. ஏதாவது தொந்தரவு வந்தா போலீஸ்ல சொல்லிக்கலாம்” என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? அம்மா ஆஸ்பத்திரியில் ஷிப்டு மாற்றிக்கொண்டு காலையில் தானே பெண்ணைக் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் அப்பா சைக்கிளில் வந்து காத்திருந்தார். அந்தப் பெண் ஜன்னலோரத்தை விட்டு உள்பக்கம் இடம் மாறி உட்கார்ந்தாள். நான் மாற்றச் சொல்லவில்லை. பாடம் நடக்கும்போது திடீரென்று திரும்பி ஜன்னலைப் பார்ப்பாள். வெளியே கரும்பைத் தவிர ஒன்றுமிருக்காது. ஒரு நாள் என்னிடம் தனியாக வந்து, “மிஸ், அவங்க என்னப் பத்தி இன்னா இன்னா கேட்டாங்க?” என்றாள். ரொட்டிப்பால் ஆறிப் போயிருந்ததா என்று கேட்டார் என எப்படிச் சொல்வது? “சும்மா பொதுவாத்தான்” என்றேன். அவள் நம்பவில்லை.

அந்த எண்ணிலிருந்து போன் வர ஆரம்பித்தது. நான் நிழற்குடையில் நிற்கும் அதே நேரத்துக்கு வரும். எடுக்கமாட்டேன். அடித்து ஓய்ந்துவிடும். மறுபடி வராது. மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு வாரம் இப்படிப் போனது. எண்ணை முடக்கிவிடலாம் என்று கைபேசியை எடுத்தேன், முடக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டேன்.

“நாளைக்கி பாப்பாவுக்கு இன்னா டீச்சர்?” என்றார், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல. “நீங்க சொல்லலன்னா நான் எந்தத் துணிய எடுத்து வெக்கறது? நேத்து வெள்ள போட்டு அனுப்பிட்டேன். தப்பா?”

“அம்மா, நீங்க யாரு? எங்க இருக்கீங்க?”

குப்பத்தின் பெயரைத் தயங்காமல் சொன்னார். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், கடற்கரையோரம். அந்த இரைச்சல் மின்விசிறி இல்லை, கடல் என்று அப்போதுதான் புரிந்தது.

“வூட்ல இன்னும் யாரு இருக்காங்க?”

“நானு, அவுரு, பாப்பா. வாங்க டீச்சர் ஒரு நாளைக்கி. வந்து பாருங்க.”

என் வகுப்புப் பெண்ணின் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “போலாம் டீச்சர்” என்றார் உடனே. “எவ அவன்னு எனக்கு தெரிஞ்சாவணும். இல்லனா எனக்கு தூக்கம் வராது.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய புடவையோடே வந்தார். கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் போய், அங்கிருந்து கிருமாம்பாக்கம், பிறகு ஆட்டோ. வழியெல்லாம் கோபமாகப் பேசிக்கொண்டு வந்தார். கடல் கண்ணில் பட்டதும் பேச்சு நின்றது.

குப்பத்து முனையில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், போனில் அவர் சொன்ன அடையாளத்தைச் சொல்லி வழி கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பாப்பாவோட டீச்சரா?” என்றாள்.

கூட வந்த அம்மா, “நீ பாத்துருக்கியா பாப்பாவ?” என்று கேட்டார்.

“நான் எங்க பாத்தேன்? காலையில இருட்டோட இஸ்கோலுக்கு கூட்டினு போயி பஸ் ஏத்திட்டு வரும் அந்த அக்கா. சாயங்காலம் போயி கூட்டியாரும். ரொம்ப கூச்ச சொபாவமாம். யாரு கூடவும் பேசாதாம். தோ, அந்த நீலக் கதவு.”

கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். நாற்பதைத் தாண்டியிருப்பார். சுத்தமாக வாரிய தலை, பவுடர் பூசிய முகம். நான் எதிர்பார்த்த மாதிரி கண்ணில் வெறியோ அழுகையோ எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியர் வந்தால் எந்த அம்மாவும் காட்டுகிற பரபரப்புதான் இருந்தது. “வாங்க டீச்சர், வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கூட வந்தவரைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்.

ஒரே அறைதான், ஒரு தடுப்புச் சுவர். சுவரில் ஆணியில் எங்கள் பள்ளிச் சீருடை மாட்டியிருந்தது. இஸ்திரி போட்ட சுடிதார், பின் குத்திய துப்பட்டா. மூலையில் பை. வாசலில் செருப்புகளோடு ஒரு ஜோடி கறுப்பு ஷூ, மணல் ஒட்டியிருந்தது. ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து, அதில் ஒரு தலையணை. வெயில் விழாமல் ஜன்னலுக்குப் பாதி வரை துணி கட்டியிருந்தார்.

அந்தப் பெண்ணின் அம்மா எழுந்து போய்ச் சீருடையைத் தொட்டார். அதன் கையைத் தூக்கிப் பார்த்தார். வலது கை ஓரத்தில், ஒரு ரூபாய் காசு அளவுக்கு நீலக் கறை இருந்தது. துவைத்துத் துவைத்து அந்த இடம் நைந்திருந்தது.

“இது இன்னாது?” என்றார்.

“அது பாப்பா மயில்துத்தம் கொட்டிக்கிச்சி. டீச்சர்தான் சொன்னாங்க. மயில்துத்தம் எங்க கெடைக்கும்னு தெரியல, நீலப் பொடிய கரைச்சி ஊத்தனேன். போவவே மாட்டேங்குது.”

கறையைத் தானே உண்டாக்கி, தானே துவைத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில், பிள்ளை துணியை வீணாக்கிவிட்டது என்ற சின்னச் சலிப்புதான் இருந்தது.

“உங்களுக்கு... பிள்ளைங்க இருந்து...” என்று இழுத்தேன்.

“இல்ல டீச்சர். எனக்கு புள்ளையே பொறக்கல. பாக்காத டாக்டர் இல்ல.” நேராக என்னைப் பார்த்துச் சொன்னார். “நான் கேட்டா வந்தேன்? நான் பாட்டுக்கு வூட்ல குந்தியினு இருந்தேன். போன் அடிச்சிது. உங்க பொண்ணுன்னு சொன்னீங்க. நீங்கதான குடுத்தீங்க?”

வெளியே கடல் மட்டும் எழுந்து அடங்கியது. போனில் கேட்ட அதே சத்தம், இப்போது சுவருக்கு அந்தப் பக்கம்.

அவருடைய கணவர் வந்தார். லுங்கி, தோளில் துண்டு, உப்பு பூத்த கால்கள். என்னைக் கும்பிட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். மனைவி டீ போடத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனதும், தாழ்ந்த குரலில், “தப்பா நெனைக்காதீங்க. அதால யாருக்கும் ஒண்ணும் வராது” என்றார். “முன்னெல்லாம் நாளு பூரா ஒரு வார்த்த பேசாதுங்க. சுவத்த பாத்து குந்தியினு இருக்கும். இப்ப காலையில எழுந்து கொழம்பு வெக்கிது.”

“நீங்க பாத்துருக்கீங்களா?” என்று அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார். யாரை என்று அவர் சொல்லவில்லை.

கணவர் மணலைப் பார்த்தார். “நான் கடலுக்கு போயிட்டு வர நேரத்துல அது இஸ்கோலுக்கு போயிருக்கும்” என்றார்.

டீ வந்தது. எங்களுக்கு, அவருக்கு, கணவருக்கு. இன்னொரு சின்ன டம்ளரில் பாலை ஊற்றி ஆவி பறக்க ஜன்னலோரம் வைத்து, மேலே தட்டு போட்டு மூடினார்.

எங்கள் வகுப்புப் பெண்ணின் அம்மா டீயைத் தொடவில்லை. எழுந்து நின்று சொன்னார்: “இத பாரு, நான் உன்ன ஒண்ணும் சொல்ல வரல. எம் பொண்ணு பேர வெச்சி நீ கூப்டக் கூடாது. அது ஒண்ணுதான்.”

“இல்லக்கா” என்றார் அந்தப் பெண்மணி. “அது நீங்க வெச்ச பேரு. நான் வேற பேர் வெச்சிட்டேன்.”

என்ன பெயர் என்று நாங்கள் கேட்கவில்லை.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவங்க பொண்ண பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம் டீச்சர். பள்ளிக்கூடத்த பத்தி மட்டும் சொல்லுங்க. லீவு எப்ப, பஸ் எப்ப, எந்தத் துணி. லீவு தெரியாம போயி ரோட்டுல நின்னுனே இருக்கறோம்.” ‘இருக்கறோம்’ என்றுதான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண்ணின் அம்மா வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமெல்லாம் போயிருந்தது. “எனக்கு பயமா கீது டீச்சர்” என்றார் கடைசியில். “எம் பொண்ணுக்கு எதுவும் ஆயிடாதே?”

“ஒண்ணும் ஆகாதும்மா.”

“அப்ப அங்க கீறது யாரு?”

அங்கே யாரும் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் எடுத்தேன். ஜன்னலோரத்துப் பால் டம்ளர் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். குழுவில் எல்லோருக்கும் போடுகிற அறிவிப்பைத்தான் படித்துச் சொன்னேன், ஒரு சொல் கூடுதலாக இல்லை. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் தெரிந்துதான் செய்தேன். “சொல்லுங்க, இன்னா இப்போ. அதுவும் பாவம்” என்றார். அந்தப் பெண்மணியும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். இப்போது அவரே எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். “கணக்குல கொஞ்சம் மட்டம் டீச்சர்” என்பார். “புது ஷூ கடிக்கிதாம்” என்பார். எங்கள் பெண் கணக்கில் கெட்டி. அவள் ஷூவே போடுவதில்லை, செருப்புதான். அங்கே இருந்தது, என் வகுப்பில் இல்லாத வேறொரு பிள்ளை. அதற்கும் நான்தான் வகுப்பாசிரியை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவிப்பு வந்து, மத்தியானமே பள்ளியை விட்டார்கள். பிள்ளைகளை நனையாமல் பஸ் ஏற்றி அனுப்புவதிலேயே பொழுது போய்விட்டது. நானும் வீடு வந்து துணி மாற்றி, டீ போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான், ஆனால் மழையில் வெளிச்சமே இல்லை. போன் அடித்தது.

“பாப்பா இன்னும் வரல டீச்சர்.”

அந்தக் குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு நடுக்கம் இருந்தது. காற்றுச் சத்தத்தில் பாதி அடித்துக்கொண்டு போனது. ரோட்டில் நின்று பேசுகிறார் என்று தெரிந்தது.

“எல்லா பஸ்ஸும் போயிடுச்சி. எறங்கவே இல்ல. எங்க டீச்சர் எம் பொண்ணு?”

அப்படியே போனை வைத்துவிட்டு, எங்கள் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டேன். என் விரல் இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தியது. “வந்துடுச்சே, அப்பவே வந்துடுச்சி டீச்சர். ஏன்?” என்றார். “போன அவகிட்ட குடுங்க” என்றேன். “மிஸ்?” என்று அவள் குரல் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

பிறகு மறுபடி கடற்கரைக்குக் கூப்பிட்டேன். அவர் மழையில் நிற்கிறார். என்ன சொல்வது? அப்படி ஒரு பிள்ளையே இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அந்த இருட்டில், அந்தக் காற்றில் அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

“பஸ் லேட்டும்மா” என்றேன். “ரோட்ல தண்ணி நிக்குது. பாகூர்ல நிறுத்தி வெச்சிருக்காங்க. வந்துடும். நீங்க நனையாம ஓரமா நில்லுங்க.”

“பத்திரமா கீதா?”

“பத்திரமா இருக்கு.”

டீ ஆறிப் போனது. மழை வலுத்தது. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உண்மையிலேயே ஒரு பிள்ளை எங்கேயோ வழியில் நிற்பது போல, எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்த்தேன்.

போன் அடித்தது.

“வந்துடுச்சி டீச்சர்” என்றார். மூச்சு வாங்கியது, சிரித்தார். “ஒரே ஈரம். தலைய தொடைக்கச் சொன்னா கேக்க மாட்டேங்குது. கைகால் கழுவினு கீது.”

பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. செம்பு தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. கணவராக இருக்கலாம். மழையாகவும் இருக்கலாம். ‘வரவில்லை’ என்று அவர் சொன்னபோது வந்த பயம், ‘வந்துடுச்சி’ என்றபோது வந்த பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. “சரிம்மா” என்றேன். “நாளைக்கு லீவு.”

இதை எங்கள் பெண்ணின் அம்மாவிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கருத்து எழுதிக் கொடுத்ததாகப் பிறகு சொன்னார்.

“உங்க பொண்ணுக்கா?” என்று கேட்டேன்.

“ரெண்டு புள்ளைக்கும்தான்” என்றார்.

அடுத்த ஆண்டு அந்த வகுப்பு பத்தாம் வகுப்புக்குப் போனது. வகுப்பாசிரியர் மாறினார். அவரிடம் அந்த எண்ணைக் கொடுக்கவில்லை. வாரம் ஒரு தடவை நானே கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொதுத் தேர்வு முடிந்த அன்று அந்தப் பெண்மணி, “ரொம்ப நன்றி டீச்சர். இவ்ளோ நாளு பாத்துக்கினீங்க” என்றார். அதன் பிறகு கூப்பிட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. எங்கள் பெண் நல்ல மதிப்பெண் வாங்கி, டவுனில் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். ஒரு நாள் வந்து எனக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனாள். உயரமாகியிருந்தாள். பேச்சும் கூடியிருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வில்லியனூர் மீன் மார்க்கெட்டில் ஒருவர் என்னைக் கும்பிட்டார். யாரென்று பிடிபடவில்லை. அவரே, “பாப்பாவோட அப்பா” என்றார். மொபெட்டின் பின்னால் கட்டிய பெட்டியில் ஐஸும் சங்கராவும் இருந்தன.

“நல்லா இருக்காங்களா?” என்றேன்.

“கீறாங்க. பாப்பா பத்து முடிச்சிடுச்சி இல்ல? கடலூர்ல ஆஸ்டல்ல சேத்து வுட்டுட்டா என் வூட்டுக்காரி. இங்க வெச்சிருந்தா படிக்காதுன்னு அவளே கொண்டு போயி வுட்டுட்டு வந்தா.” அவர் முகத்தில் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை. ஐஸைக் கையால் தள்ளி மீனை ஒழுங்குபடுத்தினார். “வூடுதான் ஒரு மாதிரி கீதுங்க. ராத்திரியில பொரண்டு படுக்கற சத்தம் கேட்டுனே இருக்கும் முன்னல்லாம். இப்ப கேக்கறதில்ல.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் வேறொருவரிடம் விலை பேசப் போய்விட்டார். திரும்பி வந்து, நான்கு சங்கரா மீனைச் செதில் நீக்கி, பையில் போட்டு நீட்டினார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

“லீவுக்கு வருங்களா?” என்று என் வாய் தானாகக் கேட்டது.

“ஆயுத பூசைக்கி வரேன்னு சொல்லிகீது” என்று சொல்லிவிட்டு, மொபெட்டைக் கிளப்பினார்.